உடைப்பை அடைத்துவிட்டு அதிகாரியை அழைத்தோம்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பொன்னேரியில் பத்தாவது வரை படித்தேன். அதன் பிறகு என் எழுத்து மளிகைச் சீட்டிலும் மகளின் பள்ளிக்கூடத் தாள்களிலும்தான் இருந்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுவதை நானும் படிப்பேன். பனி விழுவதைப் பற்றியும் பெரிய அலுவலகங்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் மலேசியாவில், கிள்ளான் பக்கம், ஒரு பள்ளிக்கூடக் கண்டீனில் சமையல் வேலை செய்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இங்கே பனி கிடையாது.

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஊர்க் கூட்டத்தில் ஒரே ஒரு முறை பேசினேன். அந்தப் பேச்சால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தம்பி ஏகாம்பரத்திடமிருந்து கூரியர் வந்தது. எங்கள் நைனா பெயரில் இருக்கிற நிலத்தை அவன் விற்கப் போகிறான். வாரிசு என்று நாங்கள் இரண்டு பேர்தான். என் சார்பில் அவனே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் இங்கே தூதரகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று அந்தப் பத்திரத்தை டைப் அடித்து இரண்டு பிரதி வைத்திருந்தான். கூடவே ஒரு சின்னத் துண்டுக் காகிதம்: 'யக்கா, சீக்கிரம்.'

காகிதத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது அங்கேயே இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அரிசி களைந்து உலை வைத்தேன்.

2

எங்கள் ஊர், ஆரணி ஆறு கடலைப் பார்த்துப் போகிற வழியில், பழவேற்காட்டுக் கழிக்கு, அதாவது உப்பு ஏரிக்கு, மேற்கே இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். மீன் பிடிக்கிற ஊர் இல்லை, நெல் விளைகிற ஊர். ஆனால் கழியிலிருந்து ஓர் ஓடை எங்கள் வயல் வரைக்கும் வருகிறது. மழைக்காலத்தில் வயல் தண்ணீர் அந்த ஓடை வழியாக இறங்கிக் கழிக்குப் போகும். மழை ஓய்ந்து கடல் ஏறும்போது அதே ஓடை வழியாக உப்புத் தண்ணீர் மேலே வரும்.

அதனால் ஒவ்வொரு வருஷமும் மார்கழி கடைசியில் ஓடையின் குறுக்கே மண்ணால் ஒரு கட்டுப் போடுவோம். வீட்டுக்கு ஒரு ஆள், நாலு நாள் வேலை. சவுக்குக் கம்பை இரண்டு வரிசையாக நட்டு, நடுவே பனைமட்டை அடுக்கி, களிமண்ணும் மணல் மூட்டையும் போட்டு மிதிப்பார்கள். ஐப்பசியில் வெள்ளம் வருவதற்குள் அவர்களே அதை வெட்டி விடுவார்கள். போடுவதும் வெட்டுவதும் எந்த ஆபீஸுக்கும் தெரியாது. கட்டின் ஒரு முனை எங்கள் நிலத்தின் கிழக்கு மூலையில் இருக்கிற மேட்டில் முட்டி நிற்கும். மறுமுனை கன்னியப்பன் சித்தப்பா நிலத்தில். அவர் நைனாவுக்குப் பங்காளி முறை. வாய் சும்மா இருக்காது.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் மண் சுமந்திருக்கிறேன். அப்போது இடுப்பு உயரத்துக்கு மண் போட்டால் போதும். நான் மலேசியாவுக்கு வந்த பிறகு தம்பி போனில் சொல்கிற உயரம் ஏறிக்கொண்டே போனது. மார்பு என்றான். பிறகு ஆள் உயரம் என்றான். மழை வருகிற நாளும் மாறிவிட்டது என்றான். தைமாதம் திடீரென்று கொட்டி, புதிதாகப் போட்ட கட்டை உள்ளே இருந்து தள்ளிவிடுமாம். பிறகு அமாவாசைக்குக் கடல் ஏறி, வெளியே இருந்து தள்ளுமாம்.

"ரெண்டு பக்கமும் அடி வாங்கினு நிக்குதுக்கா, மத்தளமாட்டம்" என்றான்.

மண்ணுக்குப் பதிலாகக் கல்சுவர் வைத்து, ஏற்றி இறக்குகிற ஷட்டர் போட்டுக்கொடுங்கள் என்று ஊரில் மனு எழுதினார்கள். ஷட்டர் இருந்தால் வருஷா வருஷம் கட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். மனு போய்க்கொண்டே இருந்தது.

3

சுனாமி வந்து இரண்டு வருஷம் கழித்து, நைனாவின் முதல் தெவசத்துக்காக ஊருக்குப் போனேன். பங்குனி மாதம். நான் போய் இறங்குவதற்கு மூன்று நாள் முன்னால்தான் அமாவாசை. கட்டு மூன்று இடத்தில் உடைந்து, உப்புத் தண்ணீர் ஏறி, தம்பியின் நவரைப்பட்டத்து நெல் பாதிக்குமேல் வெந்துபோயிருந்தது. வெந்தது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். நெருப்பு இல்லாமல் வேகும். நுனி காவியாகி, பிறகு வெளுத்துவிடும். வரப்போரம் உப்பு பூத்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கடிதம் வந்தது. புதிதாக ஒரு திட்டம். வருகிற வியாழக்கிழமை சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்து எங்கள் கட்டைப் பார்வையிடுவார் என்று இருந்தது. கோயில் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. தம்பி கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப உள்ளூர் மக்கள் தாமாகச் செய்துவரும் ஏற்பாடுகளை மேல்மட்ட உதவியுடன் இணைத்தல் என்று திட்டத்தைப் பற்றி எழுதியிருந்தது. பருவநிலை மாற்றம் என்கிற சொல்லை நான் முதலில் படித்தது அந்தக் காகிதத்தில்தான். கீழே நாம் செய்வதை மேலே இருப்பவர்கள் கையோடு கோத்துவிடப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

"இன்னா எழுதிகீது, சுருக்கமா சொல்லும்மா மலேசியா" என்றார் கன்னியப்பன் சித்தப்பா. நான் அங்கே போனதிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வந்து பாத்துட்டு, உதவி செய்வாங்களாம் சித்தப்பா."

"அப்ப நல்லதாப் போச்சி. ஒடஞ்சது ஒடஞ்ச மேனிக்கே கெடக்கட்டும். ஒரு புடி மண்ணு போடக் கூடாது. வந்து கண்ணால பாக்கட்டும்."

வார்டு மெம்பருக்கு அது பிடிக்கவில்லை. "யோவ், சென்னையிலருந்து வராரு. ஓட்டையும் ஒடசலுமா காட்டிகினு நிப்பியா? சோம்பேறிப் பசங்கன்னு எழுதிகினு பூடுவாரு. ஊரு மானம் இன்னா ஆவறது?"

"மானம் இன்னாய்யா மானம்? காலு ஒடஞ்சவன் டாக்டராண்ட நொண்டிகினுதான் போவான். நடந்து காட்டிட்டு மருந்து கேப்பியா?"

சிரித்தார்கள். ஆனால் பாதிப் பேர் மெம்பர் பக்கம் என்பது முகத்தில் தெரிந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் வாசலைப் பெருக்காமல் இருக்க யாருக்கு மனம் வரும்? ஒரு முடிவுக்கு வராமல் பேச்சு இழுத்துக்கொண்டு போனது. அப்போது தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"யக்கா, அங்கல்லாம் எப்டி செய்வாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இங்கே கண்டீனுக்குச் சுகாதார அதிகாரி வருகிற அன்று நாங்கள் சுவரைக்கூடத் தேய்த்துக் கழுவுவோம். அதுதான் நினைவுக்கு வந்தது.

"அங்கல்லாம் ஆபிசர் வராருன்னா எல்லாத்தையும் தொடச்சி சுத்தமா வெச்சிருப்பாங்க" என்றேன். "ஒழுங்கா வெச்சிக்கிறவங்களுக்குத்தான் மேல குடுப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னேன்.

"வெளிநாட்டுல கீறவங்களே சொல்றாங்க, அப்பறம் இன்னா" என்று மெம்பர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

மூன்று நாள் வேலை நடந்தது. அவ்வளவு சுறுசுறுப்பாக ஊர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. நானும் சுமந்தேன். உடைப்பு மூன்றையும் அடைத்தோம். புது மண்ணின் நிறம் தனியாகத் தெரியக் கூடாது என்று வரப்பிலிருந்து புல்லை வேர்மண் கரணையோடு பெயர்த்து மேலே பதித்தோம். அந்த யோசனை என் தம்பி மனைவியுடையது. கருவேல முள்ளை வெட்டி வழி செய்தோம். கட்டின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பில் கோடு போட்டார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். இதைச் சொல்லியாக வேண்டும். வெயிலில் கட்டின்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார். மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"இதை நீங்களே போட்டீங்களா? இன்ஜினியர் யாரும் இல்லாம?"

"நாங்களேதான் சார்" என்றார் மெம்பர்.

"எப்பவாவது உடைஞ்சிருக்கா?"

கன்னியப்பன் சித்தப்பா வாயைத் திறந்தார். மெம்பர் அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

"நாங்க கீற வரைக்கும் எப்டி சார் ஒடையும்?" என்றார் மெம்பர். அவர் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. பெருமையில் சொன்னார்.

வயலைப் பார்க்கலாமா என்று அதிகாரி கேட்டார். என் தம்பி, அவன் நெல்தான் வெந்துகிடக்கிறது, அவனே சொன்னான்: "சேறா கீது சார், ஷூ வீணாப் பூடும். இங்கருந்தே தெரியும் சார்." கட்டிலிருந்து பார்த்தால் மேற்கே பச்சையாக இருந்த பக்கம்தான் தெரியும். வெந்தது மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்தது.

நான் இளநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்களும் மண்ணு தூக்குவீங்களாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் சிரித்தார். எல்லோரையும் கட்டின்மேல் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

ஜீப் போன பிறகு, "எளநீ இனிப்பா இருந்திச்சாமா? கொஞ்சம் உப்பு போட்டுக் குடுத்திருக்கலாமே மலேசியா" என்றார் கன்னியப்பன் சித்தப்பா.

4

நான் திரும்பி வந்து நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. தம்பி போனில் படித்துக் காட்டினான். 'மேற்படி மண் கட்டு, மக்கள் பங்களிப்புடன் சிறந்த நிலையில் பராமரிக்கப்பட்டு வருவது நேரில் கண்டறியப்பட்டது. எனவே ஷட்டர் அமைக்க வேண்டிய அவசியம் தற்போது எழவில்லை.' கூடவே ஒரு பாராட்டுச் சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டு வந்ததாம். அந்தப் போட்டோவிலும் ஒன்று.

"சித்தப்பா இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கட்டாண்ட கம்பு நட்டு அதுல மாட்டு, உப்புத் தண்ணி வந்து படிச்சிப் பாத்துட்டுத் திரும்பிப் பூடும்னாரு."

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. வேறு ஏதோ பேசிவிட்டு வைத்தோம்.

மறு வருஷம் கட்டு மறுபடி உடைந்தது. தம்பி மனு எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனான். அங்கே இருந்தவர் ஃபைலைத் திறந்து போட்டோவைக் காட்டினாராம்.

"இதுல சிரிச்சிகினு நிக்கிறது யாரு?"

"நாங்கதான் சார். ஆனா அது மூணு நாளு முன்னாடி அடைச்சது சார். அதுக்கு மின்ன ஒடஞ்சிதான் இருந்திச்சி."

"அப்ப அதிகாரியாண்ட பொய் சொன்னீங்களா?"

அந்த மனிதர் பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாராம்: "நான் இன்னா பண்ணட்டும்பா. நல்லா கீதுன்னு மேலருந்து எழுதியாச்சி. நல்லா இல்லன்னு கீழருந்து நான் எழுத முடியாது. அவரு திரும்ப வந்து பாத்தாத்தான் உண்டு." அந்த அதிகாரி அதற்குள் வேறு துறைக்கு மாறிப் போயிருந்தார்.

அதன் பிறகு கட்டுப் போட ஆள் குறைந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேன் ஊருக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றுகிறது. ஷிப்டுக்குப் போகிறவன் மண் சுமக்க நாலு நாள் லீவு கேட்க முடியாது. தேர்வாய் கண்டிகையில் தொழிற்பேட்டை வரப் போகிறது, அங்கே இன்னும் ஆள் எடுப்பார்கள் என்று பேச்சு. யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு ஒரு ஆள் என்பது இரண்டு வீட்டுக்கு ஒரு ஆளாகி, பிறகு வந்தவர்கள் மட்டும் என்றானது. கட்டு மெலிந்தது. அதிகாரி வந்த வருஷத்தையும் சேர்த்துத் தம்பி இரண்டு நவரை தொடர்ந்து இழந்தான். இந்த வருஷம் நடவே இல்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடுகிறதாம். கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்.

இத்தனைக்கும் தம்பி ஒரு நாள்கூட, நீ சொல்லித்தான் அடைத்தோம் என்று என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு போனிலும் அது வரும் என்று காத்திருப்பேன். வராது. காசு தீர்ந்து லைன் அறுந்துவிடும்.

5

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய கால்வாய் போகிறது. அது கடலில் சேர்கிற இடத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் கதவு இருக்கிறது. கடல் ஏறும்போது இறக்குவார்கள், வடியும்போது ஏற்றுவார்கள். ஹம்ஸா என்கிற மலாய்க்காரர் அதைப் பார்த்துக்கொள்கிறார். அரசாங்கச் சம்பளம். நான் வேலைக்குப் போகிற வழி அதுதான். அந்தக் கதவைத் தாங்குகிற சிமெண்டுச் சுவரில் அங்கங்கே சிவப்புப் பெயிண்டில் வட்டம் வட்டமாக இருக்கும். பிள்ளைகள் கிறுக்கியது என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டு போனேன்.

சான்றிதழ் வந்த பிறகுதான் ஒரு காலையில் நின்று கேட்டேன். என் மலாய் இன்னும் கண்டீன் மலாய்தான். சாப்பாட்டுச் சொல்லெல்லாம் வரும், மற்றது வராது. வட்டத்தைக் காட்டி, என்ன என்றேன்.

அவர் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு விரிசல். பக்கத்தில் அதைக் கண்ட தேதி. பெரிதானால் வெளியே இன்னொரு வட்டம் போடுவாராம்.

"ஏன் சிவப்பு?" என்றேன்.

"மேலதிகாரி வருஷத்தில் ஒரு நாள் வருகிறார். ஐந்து நிமிஷம் நிற்பார். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் கண்ணில் பட வேண்டாமா?"

மேலதிகாரி கோபித்துக்கொள்ள மாட்டாரா, இவ்வளவு விரிசல் என்று? எனக்குத் தெரிந்த சொற்களை வைத்து எப்படியோ கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "விரிசலை நான் போடவில்லையே" என்றார்.

வட்டம் போட்டதெல்லாம் சரியாகிவிடுவதில்லை என்றும் சொன்னார். ஒரு வட்டம் ஐந்து வருஷமாக இருக்கிறதாம். நான் கண்டீனுக்குப் போய் வெங்காயம் உரித்தேன். இதே சுவரைப் பார்த்துக்கொண்டே பத்து வருஷம் நடந்துவிட்டு, ஊரில் போய் 'அங்கல்லாம் தொடச்சி சுத்தமா வெச்சிருப்பாங்க' என்று சொல்லியிருக்கிறேன். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. நான் வழக்கமாகவே பேசாதவள் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கூரியர் வந்த அன்று என் மகள் திவ்யா அந்தக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். பதினேழு வயது. மலாய்ப் பள்ளியில் படித்ததால் அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தம்பி அனுப்பிய போட்டோ சுவரில் இருக்கிறது. அதை இப்போதுதான் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அம்மா, இது நீயா? நல்லா சிரிக்கிறியே லா. வீட்டுல இப்படிச் சிரிச்சதே இல்ல."

"வெயில்ல கண்ணு கூசிச்சு."

"அந்த லேண்ட்ல மாமா ஒண்ணும் நடலதானே? அப்புறம் ஏன் வெச்சிருக்கணும்?"

அவள் எதையும் குத்திச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். சாப்பிட வா என்றேன்.

6

நேற்று முன்தினம் கன்னியப்பன் சித்தப்பா போன் செய்தார். என் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறார். வெளிநாட்டுக்கு அவர் போன் செய்வது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கத்திப் பேசினார்.

"இன்னாம்மா மலேசியா, கேக்குதா?"

"கேக்குது சித்தப்பா."

"உன் தம்பி நெலத்த யாருக்குக் குடுக்கறான் தெரியுமா? கண்டெய்னர் நிறுத்தற யார்டுகாரனுக்கு. அவன் மேட்ட வெட்டி சமமாக்கிடுவான். மேடு போச்சின்னா கட்டு எதுல முட்டும்? சொல்லு. அந்தப் பக்கம் புடிமானம் இல்லாம ஒரு பக்கத்துல மட்டும் கட்டு நிக்குமா?"

"நிக்காது சித்தப்பா."

"இன்னும் பதினோரு ஊட்டுல நட்டுகினுதான் கீறோம். நானு, கீழ்த்தெரு ஆளுங்க. இந்தத் தடவ பத்துப் பேரு சேந்து போட்டோம். நின்னுச்சி. பாதி நின்னுச்சி. அந்த மூல மட்டும் இருந்தா போதும். உன் தம்பியாண்ட சொன்னா, அக்கா கையெழுத்து போட்டா முடிஞ்சிதுன்றான். அதான் உன்னாண்ட கேக்கறேன்."

அவர் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. பார்க்கிறேன் சித்தப்பா என்றேன்.

"பாரு. நல்லா பாரு" என்றார். பிறகு, "உடம்பு எப்டி கீது? நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார். அங்கே காலை ஒன்பது மணி. இங்கே சாப்பாட்டு நேரமே நெருங்கிவிட்டது. தின்றுவிட்டேன் என்றேன்.

நேற்று தம்பியைக் கூப்பிட்டேன். இந்த முறை கார்டில் நிறைய நிமிஷம் இருந்தது. முதலில் அதைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"ஏகாம்பரம், அன்னிக்கி கொட்டாயில நான்தானேடா அடைக்கச் சொன்னேன்."

"இன்னாது?"

"ஆபிசர் வந்தப்ப. நான் சொன்னதாலதானே அடைச்சீங்க."

"நீ சொன்னியா?" என்றான். "மெம்பரு சொன்னாருன்னு இல்ல நெனச்சினு கீறேன்." பிறகு, "யாரு சொன்னா இன்னாக்கா. சொல்லலன்னாலும் அடைச்சிருப்போம். ஊருக்கு ஆபிசர் வராருன்னா ஒடஞ்சதயா காட்டுவாங்க? நானே அவர வயலுக்குக் கூட்டினு போவலியே. என் நெல்லு வெந்து கெடக்குது, அவரு ஷூவப் பத்தி நான் பேசினு கீறேன்."

இரண்டு வருஷமாக நான் சுமந்ததை அவன் மறந்தே போயிருந்தான். இலேசாக இருக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போன காலை யாரோ தொடுவதுபோல இருந்தது.

பிறகு மூலையைப் பற்றிச் சொன்னேன். கட்டு முட்டி நிற்கிற கிழக்கு மேட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விற்றால் என்ன என்றேன். அந்த மேட்டுக்குத் தனி உட்பிரிவு எண் இருக்கிறது. நைனா காலத்தில் பிரித்தது.

"கன்னியப்பன் சித்தப்பா பேசினாரா?"

"பேசினாரு."

"எனக்கு மட்டும் ஆசையா யக்கா? பெரியவன் கும்மிடிப்பூண்டிக்குப் போறான், சின்னவ தண்ணி கேனு தூக்கினு வரா. நான் அந்த வரப்புல போயி நின்னு இன்னா பண்றது? பேஜாராப் போச்சி." மூச்சு விட்டான். "சரி. மூலைய உட்டுடலாம். யார்டுகாரனாண்ட பேசிக்கறேன், ஒரு மூலைக்காவ வேணாம்னு சொல்ல மாட்டான். ஆனா இங்க புதுசா டைப் அடிச்சி அனுப்ப நாளு இல்ல. வர்ற திங்கக்கெழமை பதிவு. நாளான்னிக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்பினாத்தான் வந்து சேரும். நீ அந்த நம்பர மட்டும் பேனாவுல அடிச்சிட்டு, பக்கத்துல கையெழுத்து போட்டுடு. அதுல அது இல்லன்னா அத நான் விக்க முடியாது. எனக்கும் அதுதான் நல்லது. இங்க யாரு நெருக்கினாலும் அக்கா எழுதலன்னு சொல்லிடுவேன்."

சரி என்றேன்.

இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தேன். ஒரு பிரதியில் அந்த எண்ணின்மேல் கோடு போட்டேன். அளவுகோல் வைத்து ஒரே கோடு. பக்கத்தில் என் பெயரை எழுதினேன். என் கணவர் லாரியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "இப்படி அடிச்சு எழுதினா எடுத்துக்குவாங்களா?" என்றார். தம்பி சொன்னான் என்றேன். "கேட்டுப் பாரு. வாயைத் திறந்து கேட்கணும்" என்றார். நாளைக்குக் கோலாலம்பூருக்கு அவரால் வர முடியாது. ரயிலில் நானே போவேன். சாட்சிக்குக் கண்டீனில் இருந்து இரண்டு பேர் வருகிறார்கள்.

மேசையில் பேனா இருந்தது, காகிதமும் இருந்தது. அதனால் இதை எழுதிவிட்டேன். ஷட்டர் வந்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. அது வராது என்று தெரியும். பதினோரு வீட்டுக்கு அந்த மூலை போதும் என்கிறார் சித்தப்பா. ஒரு கோடுதானே, போட்டாகிவிட்டது.

7

மறுநாள் காலை தூதரகத்துக்குப் போனேன். மூன்றாவது கவுண்டர். கோடு போட்ட பிரதியைக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் உள்ள பத்திரத்தில் சான்று போட விதி இல்லை, புதிதாக டைப் அடித்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் வேறு பிரதி இருக்கிறதா என்று அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள். எனக்குப் பின்னால் வரிசை இருந்தது. சாட்சிக்கு வந்தவர்கள் அரை நாள்தான் விடுப்புச் சொல்லியிருந்தார்கள். இருக்கிறது என்றேன். கோடு போடாத பிரதியில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். கீழே இறங்கி கூரியரில் சேர்த்துவிட்டு, இரண்டு மணிக்குக் கண்டீனுக்குத் திரும்பினேன். சாயங்காலம் கன்னியப்பன் சித்தப்பா இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.